சூனியத்தில் ஒன்றும் இல்லை



சென்ற விடுமுறையில் கடியப்பட்டணத்தில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். மாலை வேளை. திண்ணையில் இரு சிறுவர்கள் கைப்பேசியில் மாயாஜால விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தனர். அதில் வரும் மந்திரங்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டி நோட்டில் எழுதுவதும் அவர்களுடைய பொழுதுபோக்கு. எதிரியை நோயில் தள்ளும் மந்திரத்துக்கு ஒருவன் 'சூன்யம்' என்று எழுதியிருந்தான். மற்றவன் 'சூனியம்' என்று எழுதியிருந்தான்.

"மாமா, எது சரி?" என்று வழக்கு என்னிடம் வந்தது.

"எழுத்து இருக்கட்டும். அதற்குப் பொருள் என்ன?" என்று கேட்டேன்.

"ஆளைக் கெடுக்கிற மந்திரம்" என்றான் பெரியவன். "அப்படியென்றால் எங்கள் கணக்கு சார் ஏன் ஜீரோவைச் சூனியம் என்கிறார்?" என்றான் சின்னவன்.

நல்ல கேள்வி அல்லவா?

எழுத்துச் சிக்கலை முதலில் தீர்த்துவிடுவோம். இது வடமொழிச் சொல். அங்கே அது 'சூன்ய'. இப்படிப்பட்ட கூட்டெழுத்துகள் தமிழுக்கு வரும்போது இடையில் ஓர் இகரம் நுழைந்துகொள்ளும். 'தான்ய' தானியம் ஆயிற்று. 'புண்ய' புண்ணியம் ஆயிற்று. 'பூஜ்ய' பூச்சியம் ஆயிற்று. அந்த வழக்கப்படி 'சூனியம்' என்பதே தமிழுக்கு இயல்பானது. மலையாளத்தில் 'சூன்யம்' என்றே ஒலிப்பதால் எல்லையோரத்தில் வாழும் நமக்கு அந்த ஒலியும் பழக்கமாகிவிட்டது. எனவே சின்னவன் எழுதியதற்கே என் வாக்கு.

ஆனால் பொருள்தான் முக்கியம். இச்சொல்லின் பொருள் 'வெறுமை', 'ஒன்றுமின்மை' என்பதாகும். ஓர் எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் மிஞ்சுவது சூனியம் என்று கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் விதி வகுத்தார். அரபு அறிஞர்கள் இதைத் தம் மொழியில் 'ஸிஃப்ர்' என்றனர். அதற்கும் வெறுமை என்பதே பொருள். 1202-இல் இத்தாலிய அறிஞர் ஃபிபொனாச்சி அதை லத்தீனில் 'ஸெஃபிரம்' என்று எழுதினார். அது தேய்ந்து 'ஜீரோ' ஆயிற்று. அதே அரபுச் சொல் வேறொரு வழியாக 'சைஃபர்' ஆகி, ஆங்கிலத்தின் மூலம் 'சைபர்' என்று நம்மிடமே திரும்பி வந்தது. ஐரோப்பாவில் 'சைஃபர்' என்பதற்கு இரகசிய எழுத்து என்ற பொருளும் ஏறிற்று. இங்கே 'சூனியம்' என்பதற்கு இரகசிய மந்திரம் என்ற பொருள் ஏறிற்று. ஒன்றுமில்லாத ஒன்றைச் சுற்றி மக்கள் எத்தனை மர்மத்தைக் கட்டிவிடுகிறார்கள், பாருங்கள்!

வெறுமையால் ஏதாவது செய்ய முடியுமா? பௌதிகத்தில் இதற்கு விடை உண்டு. இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சுகிறோம். குழலுக்குள் உண்டாகும் வெற்றிடம் இளநீரை இழுக்கிறது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. வெளியிலுள்ள காற்று இளநீரின் மேற்பரப்பை அழுத்தி, அதைக் குழலுக்குள் ஏற்றிவிடுகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் காற்று ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவுக்கு அழுத்துகிறது. 1643-இல் டாரிசெல்லியின் பாதரசக் குழலில் 76 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாதரசத்தைத் தாங்கி நின்றதும் இந்தக் காற்றே. ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் ஆட்டோ வான் கெரிக் இரண்டு செம்பு அரைக்கோளங்களை ஒன்றாகப் பொருத்தி, உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார். பக்கத்துக்கு எட்டாகப் பூட்டிய குதிரைகளாலும் அவற்றைப் பிரிக்க முடியவில்லை. குழாயைத் திறந்து காற்றை உள்ளே விட்டதும் அவை எளிதில் பிரிந்தன! உள்ளே இருந்த சூனியம் எதையும் பிடித்து வைத்திருக்கவில்லை. வேலை செய்தது வெளியே இருந்த காற்று.

இந்தப் பாடம் வாழ்க்கைக்கும் பொருந்தும். என் சிறுவயதில் எங்கள் தெருவில் தனியாக ஒரு பாட்டி இருந்தார். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கருப்பட்டித் துண்டு கொடுப்பார். ஓர் ஆண்டு ஒரு வள்ளத்துக்குத் தொடர்ந்து மீன் படவில்லை. "பாட்டி சூனியம் வைத்துவிட்டாள்" என்று யாரோ சொன்னார்கள். அன்றோடு அவர் வீட்டுப் பக்கம் போக எங்களுக்குத் தடை. உண்மையில், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் கரையோரம் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அது கொண்டுவரும் சத்துகளால் மிதக்கும் நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றை நாடிச் சாளையும் நெத்தோலியும் வருகின்றன. நீரோட்டமும் வெப்பநிலையும் மாறினால் மீனும் இடம் மாறும். அடுத்த பருவத்தில் மீன் திரும்பி வந்தது. பாட்டியின் வாசலுக்கு மட்டும் யாரும் திரும்பிப் போகவில்லை. கருப்பட்டி தின்ற நானும் போகவில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2021-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 68 கொலைகளுக்குப் பில்லிசூனிய நம்பிக்கையே காரணம் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது வெறும் அலங்காரத்துக்காக அன்று.

'இந்தச் சொல்லே வேண்டாம். சுழி, வெற்றிடம் என்று எழுதினால் போதும்' என்று கூறும் நண்பர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சூனியம் என்பது கணிதத்தின் சொத்து. அதை ஏன் மந்திரவாதிகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? விளையாட்டில் வரும் மந்திரத்துக்கும் நான் பகைவன் அல்லன். அங்கேகூட எதிரி விழுவது மந்திரத்தால் அன்று. விளையாட்டை உருவாக்கியவர் எழுதிவைத்த நிரலால்தான்.

205 என்ற எண்ணில் நடுவிலுள்ள சுழி 'பத்துகளின் இடத்தில் எதுவும் இல்லை' என்று காட்டுகிறது. அதுபோலவே, 'காய்ச்சலுக்குக் காரணம் சூனியம்' என்று யாராவது சொன்னால், காரணம் எழுத வேண்டிய கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், குடிநீரைச் சோதியுங்கள். அந்தக் கட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை மட்டும் ஒருநாளும் எழுதிவிடாதீர்கள்.