வெற்றிலையை விடச் சொல்லுமுன்

கர்ப்பிணித் தாயிடம் "புகையிலையை விட்டுவிடு" என்று சொல்வது எளிது. அவள் ஏன் அதை நாடுகிறாள் என்று கேட்பதற்குத்தான் நமக்கு நேரமில்லை.

கொத்மலைத் தோட்டங்களில் பெண்கள் சிகரட் பிடிப்பது அரிது. ஆனால் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு ஒரு துண்டுப் புகையிலையும் சேர்த்து வாய்க்குப் போடும் வழக்கம் தலைமுறையாக உண்டு. புகை வராததால் தீங்கில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறாகும். புகையிலையிலுள்ள நிக்கொட்டின் தாயின் இரத்தத்தில் கலந்து வயிற்றுப் பிள்ளையையும் சென்றடைகிறது. நிறை குறைந்த பிறப்பு, குறைமாதப் பிரசவம், பிள்ளை வயிற்றிலேயே இறத்தல் ஆகிய ஆபத்துகள் கூடுகின்றன. பாக்கும் தன்னளவிலேயே புற்றுநோயை உண்டாக்க வல்லது.

2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 வீதம். இதற்கு வறுமையே முதற் காரணம். ஏற்கெனவே மெலிந்த தாய்க்குப் புகையிலை மேலும் ஒரு சுமை.

ஆயினும் அவள் நிலையை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலைக்கு ஏறுகிறாள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான் என்ற பயம். குளிர், பசி, மசக்கைக் குமட்டல். மாலையில் குடித்துவிட்டு வரும் கணவன். அவளுக்கென்று இருப்பது வெற்றிலை மடிக்கும் அந்த ஐந்து நிமிடமே. அதை எடுத்துக்கொண்டு பதிலுக்கு நாம் எதைக் கொடுக்கிறோம்?

அவுஸ்திரேலியாவின் ஆதிவாசிப் பெண்களிடையே கர்ப்ப காலத்தில் புகைப்போர் பத்தில் நால்வர் அளவினர். நிலத்தை இழந்ததும், பிள்ளைகள் பறிக்கப்பட்டதுமான துயரம் அதன் பின்னால் இருக்கிறது. எனவே அம்மக்களே நடத்தும் சுகாதார நிலையங்களில், அதே சமூகத்துப் பெண்கள் தாய்மாருக்குத் துணை நிற்கின்றனர். ஏசி விரட்டினால் தாய் பழக்கத்தை மறைப்பாள். கிளினிக்குக்கு வருவதையும் நிறுத்துவாள். இது நமக்கும் பொருந்தும்.

சட்டமும் போதாது. வாசனையூட்டிப் பைக்கற்றில் விற்ற புகையிலைக் கலவைகள் 2016இல் தடை செய்யப்பட்டன. வெற்றிலையோடு போடும் வெறும் புகையிலை இன்றும் கடையில் கிடைக்கிறது.

எனவே, கிளினிக்கில் நிறை பார்க்கும்போதே "மனசுக்கு எப்படி இருக்கு?" என்றும் தனியே கேட்க வேண்டும். அதைத் தமிழில் கேட்கக்கூடிய மருத்துவமாதர் வேண்டும். மாமியாரையும் கணவனையும் அழைத்துப் பேச வேண்டும். வீட்டில் எல்லோரும் வாய்க்குப் போட, மருமகள் மட்டும் எப்படி விடுவாள்? கர்ப்பிணிக்கு இலகுவான வேலையும் முழுப் பேரும் கிடைக்கத் தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் உடன்பட வேண்டும். மாதர் சங்கங்கள் வாரம் ஒருமுறையாவது தாய்மார் கூடியிருந்து பேச இடம் தரட்டும்.

தாயின் பாரத்தை நாம் பகிர்ந்துகொண்டால்தான், புகையிலையை விடும்படி சொல்லும் உரிமை நமக்கு வரும்.