அவித்த கிழங்கைக் கொடுத்து நடச் சொல்லாதீர்கள்

வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளைப் பக்கத்து ஆசிரியர்களே, பெற்றோரே, பழைய மாணவர்களே! பதிவு கொஞ்சம் நீளம். சிலருக்குக் கோபமும் வரலாம். பரவாயில்லை, கடைசி வரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

போன கிழமை தரம் 6 பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பிக்க ஒரு செயலட்டை தேடினேன். வட்ஸ்அப் குரூப்பில் அழகான ஒன்று கிடைத்தது. ஆனால் உதாரணம் எல்லாம் பீட்சா. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள். கொழுந்து கிலோ குறைந்தால் அம்மாவுக்கு அரைப்பேர்தான் விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். பாதி என்றால் என்னவென்று சம்பள நாளில் வீட்டிலேயே படித்தவர்கள். பீட்சாவை எடுத்துவிட்டு அரைப்பேரைப் போடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. பீடிஎப், அதற்குக் கடவுச்சொல் பூட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காக ஆக்கியவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும். இரவு பதினொரு மணி வரை இருந்து முழுவதையும் புதிதாக டைப் பண்ணினேன்.

நமது ஊர் விவசாயிக்குத் தெரியும், சாப்பாட்டுக் கிழங்கு வேறு, விதைக் கிழங்கு வேறு. நாம் ஒருவருக்கொருவர் கொடுப்பது அவித்த கிழங்கு. தின்னலாம், நட முடியாது. கொடுத்துவிட்டு "பகிர்ந்தேன்" என்று பெருமையும் படுகிறோம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது எல்லோரும் ஓடி ஓடி உழைத்தோம். 2021இல் நமது பதுளை மாவட்டத்து பொஹிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டு வழியில் மலைப்பாறை ஏறிய செய்தி உலகமெல்லாம் போனது. அந்த நாட்களில் நாம் ஆக்கிய பாடங்கள் இன்று எங்கே? பாதி பழைய போனோடு போய்விட்டது. மீதியைத் திறந்தால் திருத்த முடியாது.

என் குற்றத்தையும் சொல்கிறேன். அப்போது நான் அடித்த செயலட்டைகள் எல்லாம் பாமினி எழுத்துருவில். பாமினி இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரித் தெரியும். தேடினாலும் அகப்படாது. யூனிகோடில் தமிழ் 1991இலிருந்து இருக்கிறது. இன்னும் பாமினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது வெறும் பழக்கதோஷம்.

"இதற்கெல்லாம் தரநிலை, அது இது என்று பெரிய பேச்சு எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். வீட்டில் 5 அம்பியர், 15 அம்பியர், 13 அம்பியர் என்று மூன்று வித பிளக்கோடு நாம் பட்ட பாடு மறந்துவிட்டதா? எந்தச் சாமானும் எந்தச் சுவரிலும் பொருந்த வேண்டும் என்பதுதான் தரநிலை. பாடத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. ஸ்கோர்ம் என்று பெயர், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஒரு திட்டத்தில் பிறந்தது. அதன் 1.2 பதிப்பு 2001இல் வந்தது. அந்த வடிவத்தில் பொதி செய்த பாடத்தை மூடில் போன்ற எந்தத் தளத்திலும் ஏற்றலாம், புள்ளியும் பதிவாகும். ஆனால் மூலக் கோப்பு இல்லாவிட்டால் அதைத் திருத்துவது பெரும் பாடு. பிளக் பொருந்தினால் மட்டும் போதாது. உள்ளே திறந்து பார்க்கவும் முடிய வேண்டும்.

அதற்குத்தான் எச்5பி. நோர்வேக்காரர்கள் 2013இல் வெளியிட்ட இலவச மென்பொருள். வினாவிடை, இழுத்துப் பொருத்துதல், வீடியோவுக்கு நடுவில் கேள்வி எல்லாம் செய்யலாம். ஒருவர் ஆக்கியதை இன்னொருவர் இறக்கி, பீட்சாவை அரைப்பேராக்கி, திரும்பப் பகிரலாம். மூடிலிலும் ஓடும். "தோட்டத்தில் டேட்டா ஏது?" என்பீர்கள். லுமி என்ற இலவசச் செயலியால் அதை ஒரே கோப்பாக்கி, இணையம் இல்லாமல் லெப்டொப்பில் திறக்கலாம். கோலிப்ரி என்று இன்னொன்று. பழைய கொம்பியூட்டர் ஒன்றில் போட்டால் வகுப்பறைக்குள் வைபை வழியாகவே பாடம் போகும், ஒரு எம்பி டேட்டாவும் செலவில்லை.

இனி பெரிய ஆட்சேபம்: "என் உழைப்பை டியூஷன்காரன் எடுத்து விற்பானே!" சேர், உங்கள் பெயர் குறுக்கே கிடக்கும்போதே போட்டோகொப்பிக் கடையில் அது விலைபோகிறது. பூட்டு திருடனைத் தடுக்கவில்லை, என்னைத்தான் தடுத்தது. கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் என்று ஒன்று 2002இலிருந்து இருக்கிறது. "என் பெயரைப் போடு, திருத்து, பகிர், விற்காதே" என்று ஒரு வரியில் எழுதி வைக்கலாம். பெயரும் நிற்கும், பாடமும் வளரும். கல்வியை மறைக்கக் கூடாது என்று மேடையில் பேசும் நாம் கோப்புக்கு மட்டும் பூட்டுப் போடுவது என்ன நியாயம்?

அதிகாரிகளிடமும் ஒரு கேள்வி. அறிக்கைக்கு "எத்தனை செயலட்டை தயாரித்தீர்கள்" என்று எண்ணுகிறீர்கள். எத்தனையை அடுத்த பாடசாலை எடுத்துத் திருத்திப் பாவித்தது என்று எப்போதாவது கேட்டதுண்டா?

2022இல் கடதாசித் தட்டுப்பாட்டில் மேல் மாகாணத் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அப்படி ஒரு நாள் திரும்பவும் வந்தால் பெரிய பாடசாலை எப்படியோ சமாளிக்கும். கணித ஆசிரியரே இல்லாத சின்னத் தோட்டப் பாடசாலை என்ன செய்யும்? அங்கே இருக்கும் ஒரேயொரு டீச்சரின் கைக்கு நாம் விதைக் கிழங்கைக் கொடுத்திருக்க வேண்டும்.

நான் கேட்பது நான்கே விஷயம். யூனிகோடில் அடியுங்கள். பீடிஎப்போடு மூலக் கோப்பையும் அனுப்புங்கள். கோப்பின் பெயரில் தரம், பாடம், அலகு, தேர்ச்சி இலக்கம் போடுங்கள், "நியூ பைனல் 2" என்று போடாதீர்கள். கடைசியில் உரிமத்தை ஒரு வரியில் எழுதுங்கள்.

சொல்லிவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. அரைப்பேர்ச் செயலட்டையின் மூலக் கோப்பு இன்று மாலை குரூப்பில் வரும். பூட்டு இல்லை. பிழை இருந்தால் திருத்துங்கள். சிங்கள மொழிமூல நண்பர்கள் மொழிபெயர்த்தால் இன்னும் சந்தோஷம். திருத்தியதைத் திரும்ப எனக்கும் அனுப்புங்கள், அடுத்த வருஷம் நான் உங்களுடையதைப் படிப்பிக்கிறேன்.