எத்தனை கிலோ?

"மின்கார்னா கனமாத்தான் இருக்கும். கனம் இருந்தாத்தான் நல்லது." பூவார் டீக்கடையிலும் இதுதான் பேச்சு, டிவியிலும் இதுதான். எனக்கு இது ஒப்பவில்லை.

பெரிய பேட்டரி இல்லாவிட்டால் வண்டி நடுவழியில் நின்றுவிடும் என்பது முதல் வாதம். பூவாரிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 30 கிலோமீட்டர். போய்த் திரும்ப 60. பெங்களூரில் சேத்தன் மைனி 2001-இல் கொண்டுவந்த ரேவா, பழைய ஈய-அமில பேட்டரியை வைத்துக்கொண்டே ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் என்று விற்றது. பேட்டரி பெருத்தால் அதைத் தாங்கும் சேசிஸ் தடிக்க வேண்டும், பிரேக்கும் டயரும் பெருக்க வேண்டும். அந்தச் சுமையை இழுக்க மறுபடியும் பேட்டரி! அமெரிக்க ஹம்மர் மின்வண்டியில் பேட்டரி மட்டுமே சுமார் 1,300 கிலோ. நம்மூர் ஆல்டோ கார் ஒன்றின் எடையைப்போல் ஒன்றரை மடங்கைவிட அதிகம். இதைப் புதுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிரேக் போட்டால் மின்சாரம் திரும்பி வருகிறதே என்பார்கள். வருகிறது, ஒரு பங்குதான். டயர் உருள்வதில் போனது போனதுதான். எடை ஏற ஏற அந்த இழப்பும் ஏறும். மின் ஆட்டோ ஓட்டும் ஒருவர் என்னிடம் சொன்னார்: "காலியா போனா சார்ஜ் நிக்கும் அண்ணே. மூணு பேரை ஏத்தினா மளமளன்னு எறங்கும்." இதற்கு மேல் இயற்பியல் வேண்டியதில்லை.

கனம் பாதுகாப்பு என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. லண்டனில் ஜி-விஸ் என்று ஓடிய இதே ரேவா, மோதல் சோதனையில் மோசமாக நொறுங்கியது. அங்கே அது காராகவே பதிவாகவில்லை. குவாட்ரிசைக்கிள் என்பதால் காருக்குரிய சோதனை கட்டாயமில்லாமல் போயிற்று. பழி எடைக்கு அல்ல, அமைப்புக்கும் அந்தச் சலுகைக்கும். மேலும், கனம் காப்பது உள்ளே இருப்பவரை. பாறசாலைச் சாலையில் எதிரே ஸ்கூட்டரில் வருபவரை யார் காப்பது?

இலேசான மின்வண்டி வெளிநாட்டுச் சங்கதியும் அல்ல. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஆறாலும்மூட்டில், 1978-இல் தொடங்கிய கேரள அரசு நிறுவனமான கேரளா ஆட்டோமொபைல்ஸ், 2019-இல் 'நீம் ஜி' மின் ஆட்டோவை இறக்கியது. டிரைவர் போக மூன்று பேர், ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் என்பது நிறுவனத்தின் கணக்கு.

ஷோரூமுக்குப் போனால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று எல்லோரும் கேட்கிறோம். வண்டி எத்தனை கிலோ என்றும் கேளுங்கள்.