வரிசையும் உயிரும்

வரிசையில் நிற்றல் நாகரிக வாழ்வின் நல்லறங்களுள் ஒன்று. நியாய விலைக் கடையிலும் பேருந்து நிலையத்திலும் முந்தி வந்தவர் முந்திப் பெறுதலே முறை. வலியோரும் எளியோரும் அங்கே ஒரு நிகராவர். ஆயின், எல்லா இடத்துக்கும் இம்முறை ஏற்குமோ? ஏற்காத இடம் ஒன்று உண்டு. உயிருக்குப் போராடும் குழந்தைகள் வந்து சேரும் அவசர சிகிச்சைப் பிரிவே அது.

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்தது இராதாபுரம். வானம் பார்த்த நிலம் மிகுந்த அவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, காய்ச்சலுற்ற மகனைத் தோளில் சார்த்திக்கொண்டு ஒரு தாய் விடியற்காலையில் மருத்துவமனைக்கு வருகின்றாள் என்று கொள்க. சிறுவன் வீறிட்டு அழுகின்றான். கால் மணி நேரம் கழித்து மற்றொருத்தி கைக்குழந்தையுடன் வருகின்றாள். வயிற்றுப்போக்கால் துவண்ட அக்குழந்தை அழவில்லை. விழி குழிந்து அசைவற்றுக் கிடக்கின்றது. செவிலியர் அதனையே முதலில் உள்ளே எடுத்துச் செல்கின்றார். “அம்மா, முந்தி வந்தவள் நானல்லவா? என் பிள்ளை அழுவது கேட்கவில்லையா?” என்று முன்னவள் மனம் வெதும்பிக் கேட்கின்றாள்.

அவள் கேள்வியில் குற்றமில்லை. பணமும் பரிந்துரையும் உடையோர் வரிசையைக் கடந்து முந்துவதைக் கண்டு பலகாலும் நொந்தவர் ஏழையர். ஆதலின் ஐயம் எழுதல் இயல்பே. ஆயினும், செவிலியர் செய்தது சலுகையன்று, அறமே. உரத்து அழும் பிள்ளைக்கு மூச்சும் நினைவும் உள. அழுதற்கும் ஆற்றலற்ற பிள்ளைக்கோ ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது.

செவிலியர் தம் மனம் போனவாறு முடிவு செய்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் இதற்கெனத் தெளிந்த நெறிகளை வகுத்துள்ளது. முதலில் மூச்சை நோக்குவர்: தடையின்றி வருகின்றதா? உதடும் நாவும் நீலம் பாரித்துள்ளனவா? அடுத்து இரத்த ஓட்டத்தை நோக்குவர்: கை குளிர்ந்துள்ளதா? நகத்தை அழுத்தி விட்டால், வெளுத்த இடம் 3 விநாடிக்குள் மீண்டும் சிவக்கின்றதா? பின்னர் நினைவையும் வலிப்பையும் கவனிப்பர். வயிற்றுப்போக்கு உடைய குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விடுவர். அம்மடிப்பு மறைய 2 விநாடிக்கு மேலாயின், உடலின் நீர் பெரிதும் வற்றியதற்கு அஃது ஓர் அறிகுறி. இவையனைத்தையும் சில நிமிடங்களுக்குள் முடித்து, உடனே காக்கப்பட வேண்டியோர், விரைந்து கவனிக்கப்பட வேண்டியோர், காத்திருக்கக் கூடியோர் எனக் குழந்தைகளை மூவகைப்படுத்துவர். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இவ்வகைகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்னும் நிறங்களால் குறிக்கும் முறை உண்டு. பிறந்து இரண்டு திங்கள் நிரம்பாத சிசுவுக்கு வேறு அபாயக் குறி இல்லையாயினும், அதனை விரைந்து கவனித்தல் வேண்டும்.

இம்முறையால் விளையும் பயன் யாது? ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி ஒரு வறிய நாடு. அந்நாட்டின் பிளான்டயர் நகர மருத்துவமனையில், குழந்தைகளை வந்தவுடன் வகைப்படுத்தி அவசர சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதன்பின் உள்நோயாளிக் குழந்தைகளின் இறப்பு விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு உரைக்கின்றது. பெருஞ்செல்வம் செய்யாததைக் கூர்ந்த கண்ணும் நல்ல ஒழுங்கும் செய்தன.

குளத்து நீர் குறைந்த காலத்தில், வாடுகின்ற பயிருக்கு முதலில் மடை திறப்பதே அறிவுடைமை என்பதை உழவர் அறிவர். மருத்துவமனைக்கும் அந்நீதியே பொருந்தும். ஆயினும், காத்திருப்போரிடம் காரணத்தைக் கனிவுடன் எடுத்துரைத்தல் செவிலியர் கடமை. பச்சை நிறம் பெற்ற குழந்தையின் நிலையும் மாறக்கூடும். ஆதலின் இடையிடையே வந்து பார்த்தலும் கடமை. அதற்குப் போதிய செவிலியரை அமர்த்துதல் அரசின் கடமை. பிள்ளையின் நிலை மாறினால் உடனே தெரிவித்தல் பெற்றோர் கடமை.

இன்று தன் முறையை விட்டுக்கொடுக்கும் தாயின் பிள்ளையே நாளை மூச்சுத் திணறி வரக்கூடும். அன்று வேறொரு தாய் வழிவிடுவாள். முந்தி வந்தவர்க்கு முதலிடம் என்பது முறை. உயிர் தளர்ந்தவர்க்கு முதலிடம் என்பது அம்முறையினும் உயர்ந்த அறம்.