பழைய வேன்களும் எஃப்.சி.யும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பண்ருட்டிச் சந்தைக்குப் பலாவும் முந்திரியும் ஏற்றவென்று பழைய வேன் வாங்கி ஜீவிக்கும் எங்கள் திருவதிகை வாசிகளிற் பலர், 8 ஆண்டு கடந்த வண்டிக்கு வருஷந்தோறும் பெறவேண்டிய எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காக, புதுப் பெயிண்டின் பிரகாசத்தை மட்டும் நம்பிச் சென்று, கைபிரேக் பிடிக்காமையாலும், இண்டிகேட்டர் எரியாமையாலும், பட்டன் தேய்ந்த டயராலும் திருப்பியனுப்பப்படுவது மிகவும் விசனத்துக்குரியது.

இவற்றினும் கொடியது துரு. கடலூர்ப் பக்கத்து உப்புக்காற்றில் ஓடிய வண்டியின் சேஸைத் திருப்புளியால் தட்டிப் பார்த்தால், பெயிண்டுக்குக் கீழே இரும்பு பொருக்குப் பொருக்காக உதிரும். பிரேக்கின் குறை ரிப்பேரில் தீரும். சேஸ் அரித்துவிட்டால் முதலே நஷ்டம். ஆகையால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னரே மெக்கானிக்கை அழைத்து, வண்டியின் அடிப்பாகத்தையும் பிரேக் பைப்பையும் பரிசோதிக்குமாறு வாங்குவோரை வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
திருவதிகை.