பொற்காலப் பாட்டு என்னும் புலம்பல்

ஆம்பூரிலே ஒரு டீக்கடை. டேனரி வேலை முடிந்து வந்து உட்கார்ந்த மூத்த தோழர் ஒருவர் காதைப் பொத்திக் கொண்டார். ஷூ கம்பெனிப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேனில் புதுப் பாட்டு ஒன்று அலறிக் கொண்டு போயிற்று. "இதெல்லாம் ஒரு பாட்டா தோழர்? பட்டுக்கோட்டையோடு எல்லாம் போச்சு" என்றார். பக்கத்திலிருந்த இளைஞர், "உங்க காதுக்கு வயசாயிடுச்சிண்ணே" என்றார். கடையில் சிரிப்பு, பிறகு சண்டை!

வேலூர் முதல் வாணியம்பாடி வரை இந்தச் சண்டை நடக்கிறது. சங்க அலுவலகத்திலும் நடக்கிறது. ஆகவே நாம் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. மூத்தவரையும் விடப் போவதில்லை, இளையவரையும் விடப் போவதில்லை.

முதலில் 'பொற்காலம்' என்னும் பேச்சு. 1952 இல் மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர் என்ன செய்தார்? சினிமாப் பாட்டு மலிவானது, ரசனையைக் கெடுப்பது என்று அகில இந்திய வானொலியில் அதன் இடத்தைச் சுருக்கினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? இலங்கை வானொலியைத் திருப்பி வைத்துக் கொண்டார்கள்! கடைசியில் 1957 இல் விவித் பாரதியைத் திறக்க வேண்டியதாயிற்று. இன்று எந்தக் காலத்தைப் பொற்காலம் என்கிறோமோ, அந்தக் காலத்துப் பாட்டைத்தான் அன்றைய கனவான்கள் குப்பை என்றார்கள். அதே கனவான்களின் குரல் இன்று நம் தோழர் வாயில் வரலாமா?

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் நம்மவர். விவசாய இயக்கத்தில் வளர்ந்தவர். ஜனசக்தியில் கவிதை எழுதியவர். 1959 அக்டோபரில், 29 வயதில் மறைந்தார். அவருக்கு ஈடு சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அவர் எழுதிய அதே ஆண்டுகளில் ராஜா ராணிக் காதல் பாட்டு எத்தனை? பெண்ணுக்கு அடக்கம் போதித்த பாட்டு எத்தனை? அவற்றைக் காலம் சலித்துத் தள்ளிவிட்டது. சலித்த அரிசியை ஒரு தட்டிலும் உமியோடு கூடிய நெல்லை மறுதட்டிலும் வைத்து நிறுப்பது எந்த ஊர்த் தராசு?

இன்னொன்றும் கேட்கிறோம். அந்த நல்ல பாட்டு எங்கிருந்து வந்தது? பட முதலாளியின் கருணையிலிருந்தா? 1958 இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ஊர் ஊராகப் பாடி வாக்குக் கேட்டவர் பாவலர் வரதராசன். அவருடைய மேடைகளில் வளர்ந்த தம்பிதான் 1976 இல் 'அன்னக்கிளி' படத்தில் இசையமைப்பாளராக வந்த இளையராஜா. 1960 இல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்த எம்.பி. சீனிவாசன் நம் இயக்கத்தவர். இயக்கத்தின் மேடை பெற்றெடுத்தது. சினிமா வாங்கி விற்றது. இதுதான் உண்மை.

இனி இளைஞரே, உம்மிடம் வருவோம்! உம் கைப்பேசியில் அலறுவதில் அரிவாளைப் புகழும் பாட்டு எத்தனை? சாராயத்தைப் புகழும் பாட்டு எத்தனை? வேனில் போகும் உம் அக்கா தங்கையை ஏசும் பாட்டு எத்தனை? அதையும் காசு பண்ணுகிறவன் ஒருவன் இருக்கிறான். உம் காதை அவன் குத்தகைக்கு எடுத்திருக்கிறான்.

ஆனால் இந்தக் காலத்திலும் பாட்டு செத்துவிடவில்லை. நம் ராணிப்பேட்டை மாவட்டத்து அரக்கோணத்திலிருந்து வந்தவர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டியின் வாழ்வைக் கருவாக வைத்து, 2021 இல் 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டை எழுதித் தீயோடு சேர்ந்து பாடினார். நிலமற்றவனின் குரலைக் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். பாட்டெழுதுவோருக்கும் இசையமைப்போருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று 2012 இல் சட்டம் திருத்தப்பட்டது. ஏட்டில் சட்டம் இருக்கிறது. தோல் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஏட்டில் இருப்பது போல!

உண்மையில் எதை இழந்தோம்? சேர்ந்து பாடுவதை இழந்தோம். நடவு வயலில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க, இருபது பேர் வாங்கிப் பாடிய பாட்டு எங்கே? டேனரிக் கழிவால் இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டது என்று 1996 தீர்ப்பிலே உச்ச நீதிமன்றம் எடுத்துக் காட்டிற்று. நடவே நின்ற ஊரில் நடவுப் பாட்டு எப்படி நிற்கும்? பாட்டு கெட்டது ரசனைக் குறைவால் என்பவர்கள் பாலாற்று மணலில் நின்று பேசட்டும்!

நம் மீதும் குற்றம் உண்டு. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக் கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். அவர்களில் ஒன்பது பேர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கு நம் மேடையில் ஒரு பாட்டு உண்டா? கண்டன நோட்டீஸ் போட்டோம், கூட்டம் போட்டோம், பாட்டுக் கட்டவில்லை. மே தினத்துக்கு வாடகை மெல்லிசைக் குழுவைக் கூப்பிட்டுப் பழைய சினிமாப் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்டு வீட்டுக்குப் போகிறோம். வாசலில் பறையோடு நிற்கும் சேரி இளைஞனை, "இரைச்சல்" என்று மேடையேற விடுவதில்லை. தோலைப் பதனிடும் கையையும் தோலை அடிக்கும் கையையும் ஒன்றாக இழிவு செய்தது சாதி. அந்தப் பார்வை சங்கக் கட்டிடத்துக்குள்ளும் வரலாமா?

தோழர்களே! அடுத்த மே தினத்துக்கு வாடகைக் குழு வேண்டாம். ஒவ்வொரு கிளையும் ஐந்து பேரைச் சேர்க்கட்டும். மூத்த தோழர் மெட்டுக் கொடுக்கட்டும். இளைஞர் பறை அடிக்கட்டும். ஷூ கம்பெனிச் சகோதரி பீஸ் கணக்கைப் பாட்டில் வைக்கட்டும். விவசாயத் தொழிலாளித் தாய் எடுத்துக் கொடுக்கட்டும். ராணிப்பேட்டையில் மாண்ட பத்துப் பேருக்காக முதல் பாட்டைக் கட்டுவோம்.

அப்புறம் டீக்கடையில் உட்கார்ந்து, எந்தக் காலத்துப் பாட்டு உயர்ந்தது என்று பேசுவோம்.