சலக்கடுப்பும் மூன்று நாள் காத்திருப்பும்

நுண்ணுயிர்க்கொல்லிகளை மருத்துவரின் சீட்டின்றி பாமசியில் வாங்கி விழுங்கும் மக்களே கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதற்குக் காரணம் என்று கருத்தரங்குகளில் கடிந்துகொள்கிறார்கள். கடிபவர்கள் ஒருமுறை படுவான்கரைக்கு வந்து பார்க்கட்டும்.

அங்கே ஒரு பெண் சலக்கடுப்பை முதலில் எவரிடமும் சொல்வதில்லை. பொறுக்கமுடியாத நாளில்தான் வாய் திறப்பாள். முறைப்படி செய்வதாயின் சலத்தை ஆய்வுகூடத்தில் வைத்துக் கிருமியை வளர்க்கவேண்டும். வளர்ந்தபின் எந்த மருந்துக்கு அது மடியும் என்று பார்க்கவேண்டும். இரண்டு, மூன்று நாட்கள். அத்தகைய ஆய்வுகூடம் கிராமத்து வைத்தியசாலையில் இருப்பதில்லை. குளிரூட்டாத சலம் இந்த வெக்கையில் சில மணிநேரத்தில் கெட்டு, பொய்யான முடிவைத் தரும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டதால் பாதைக்குக் காத்துநிற்கும் அவதி அங்கு தீர்ந்தது. முடிவுக்குக் காத்திருப்பது தீரவில்லை.

எனது உறவுக்காரப் பெண்ணொருவருக்குச் சோதனை முடிவு கைக்கு வந்தபோது, முதல் மருந்து பலிக்காமல் இரண்டாவதையும் அவர் முடித்திருந்தார். முதல் மருந்து அக்கிருமியை ஒன்றும் செய்யாது என்று அந்தத் தாளில் அச்சடித்திருந்தது! ஊகத்தில் மருந்து கொடுப்பதை வைத்தியர் செய்தால் சிகிச்சை, நோயாளி செய்தால் குற்றமா?

2024 ஜூனில் பிரித்தானியாவின் 80 இலட்சம் பவுண் 'லோஞ்சிட்யூட்' பரிசு, சுவீடனின் உப்சாலாவில் உருவான ஒரு சிறு கருவிக்குக் கிடைத்தது. அரை மில்லிலீற்றருக்கும் குறைந்த சலம் அதற்குப் போதும். கிருமி உண்டா என்பதை 15 நிமிடத்திலும், ஐந்து மருந்துகளில் எது பலிக்கும் என்பதை 45 நிமிடத்திலும் சொல்லிவிடுகிறது. எல்லாச் சலத்தொற்றுக்கும் அது பொருந்தாது. பெண்களுக்கு வரும் சிக்கலற்ற தொற்றுக்கே உரியது. ஆயினும் நான் பேசுவது அந்தப் பெண்களைப் பற்றித்தானே?

விலை கட்டாது என்பார்கள். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி, காய்ச்சலோடு வார்ட்டில் கிடக்கும் நாட்களுக்கு யார் விலை போட்டார்கள்? இக்கருவி இலங்கைக்கு வந்தால் கொழும்பின் தனியார் மருத்துவமனையொன்றில்தான் முதலில் இறங்கும் என்பது என் சந்தேகம். ஆய்வுகூடம் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் அதற்கென்ன அவசரம்? வவுணதீவிலும் கொக்கட்டிச்சோலையிலும் அல்லவா அது வேண்டும்.

அதுவரை, படுவான்கரை வைத்தியசாலைகளில் சேரும் சலத்தை நாள்தோறும் ஐஸ்பெட்டியில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக ஒரு மோட்டார்சைக்கிள் விடலாம். முடிவைத் தொலைபேசியில் அறிவிக்கலாம். இதற்குச் சுவீடனிலிருந்து எதுவும் வரவேண்டியதில்லை.